வாசகர் கேள்வி–பதில்: பிறவியில் வந்ததா, முக்கி வந்ததா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: போர் விமானப் பயிற்சியில் ஆளை இருக்கையோடு இருக்கையாக அமுக்கும் அந்த 'ஜி'. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஜி என்பது பூமி நம்மை இழுக்கும் இழுப்பை ஒன்று என்று வைத்து எண்ணும் அளவு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நிலை 1 ஜி. விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது 5 ஜி ஏறினால் 60 கிலோ ஆள் 300 கிலோ ஆகிறார். அவர் உடம்பில் ஓடும் ரத்தமும் அதே கணக்கில் கனக்கிறது. தொல்லை எல்லாம் அந்த ரத்தத்தால்தான்.

கேள்வி: டாக்டர் சார், நான் பயிற்சி விமானி. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன், எங்கள் பேட்சில் என்னை ஓட்டத்தில் முந்த ஆள் இல்லை. ஆனால் சென்ட்ரிஃபியூஜில் (ஆளை உட்கார வைத்துச் சுழற்றி ஜி ஏற்றும் தரைக் கருவி) 4.5 ஜி-யிலேயே பார்வை சுருங்கிவிட்டது. ஓடவே சோம்பல்படும் என் அறைத் தோழன், குள்ளமாக, கொஞ்சம் தொப்பையோடு இருப்பவன், 7 ஜி-யை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான். என் அப்பா ஊசியைப் பார்த்தாலே மயங்குவார். இது மரபணுக் கோளாறா? எச்சில் அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்கிறார்களே, அதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. 'குள்ளமாக' என்று ஒரு வார்த்தை போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான்.

இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். உட்கார்ந்த நிலையில் அந்த உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. அந்த 30 செ.மீ. ரத்தத் தூணைத் தூக்க 1 ஜி-யில் சுமார் 23 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. 4 ஜி-யில் 92. இதயம் 120-ல் அனுப்பினால் தலைக்குப் போய்ச் சேர்வது 28 தான். கண்ணுக்குள் ஏற்கெனவே 15 மி.மீ. அளவில் ஓர் அழுத்தம் இருக்கிறது, உள்ளே வரும் ரத்தம் அதையும் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும். அதனால்தான் மூளை அணைவதற்கு முன்னால் கண் அணைகிறது. முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் ஓரங்கள் இருண்டு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும், அப்புறம் மொத்தமும் கறுப்பு. கறுப்பான பிறகும் ஆள் நினைவோடு இருப்பார், பேச்சு காதில் விழும். அதற்கும் மேலே போனால்தான் நினைவு தவறும்.

இப்போது உயரத்துக்கு வருவோம். இதயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் 27 செ.மீ.யாக இருப்பவரையும் 30 செ.மீ.யாக இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். காகிதக் கணக்கில் அரை ஜி வித்தியாசம் வரும். உயரம் பெரும்பகுதி பெற்றோரிடமிருந்து வருவது, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் 80 சதவீதம் அளவுக்கு மரபின் பங்கு என்று கணக்கு. ரத்த அழுத்தத்திலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மரபு. கொஞ்சம் கூடுதல் அழுத்தம் உள்ளவர் சென்ட்ரிஃபியூஜில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவார். மற்ற எல்லா டாக்டரும் வேண்டாம் என்று சொல்லும் சமாசாரம் இங்கே மட்டும் உதவிக்கு வருகிறது! (இதைச் சாக்காக வைத்து யாரும் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.) எனவே மரபு இருக்கிறது, மறுக்கவில்லை. அது உயரமாகவும் அழுத்தமாகவும் வருகிறது, 'ஜி மரபணு' என்று தனியாக ஒன்று வருவதில்லை.

எச்சில் பரிசோதனைக்காரர்கள் பெரிதாகக் காட்டும் மரபணுக்கள் இரண்டு. ஒன்று ஏசிடிஎன்3. வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் உள்ள ஒரு புரதத்தை உண்டாக்குவது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் அறவே கிடையாது, அவர்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள், ஓடுகிறார்கள். குறுந்தூர ஓட்டத்தில் உச்சத்துக்குப் போனவர்களில் மட்டும் அப்படிப்பட்டவர்கள் குறைவு. இன்னொன்று ஏசிஇ, அதே பெயருள்ள நொதியை உண்டாக்குவது. இதில் ஐ, டி என்று இரண்டு வகை. 1998-ல் வந்த ஓர் ஆய்வில், கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் 7,000 மீட்டருக்கு மேல் ஏறிய மலையேறிகளிடம் ஐ வகை அதிகமாக இருந்தது. அதிலிருந்து ஐ என்றால் நெடுந்தூரத் தாங்குதிறன், டி என்றால் வலு என்று ஒரு பேச்சு கிளம்பியது. டி வகைக்காரர்களின் ரத்தத்தில் அந்த நொதி கூடுதல், அது ரத்தக் குழாயைச் சுருக்கும் வேலையோடு தொடர்புடையது, ஆகவே ஜி-யிலும் உதவும் என்று ஊகிக்கலாம். ஊகம் நியாயமானதுதான். ஆனால் உயரம், அழுத்தம், தசை, மூச்சு, முந்தின இரவுத் தூக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒற்றை மரபணு மாறுவதால் கிடைக்கும் லாபம் எங்கே தெரியப் போகிறது? அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஊசி மயக்கம்: அந்த இயல்பு குடும்பத்தில் ஓடுவது உண்டு. ஆனால் அது பயத்திலோ வலியிலோ நாடி திடீரென்று இறங்குவது. உங்களுக்கு நடந்தது ரத்தம் மேலே ஏறாதது. வேறு கதை. உங்களுக்கே ஊசியிலோ நெடுநேரம் நின்றாலோ மயக்கம் வந்ததுண்டு என்றால் மட்டும் விமான மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, 4.5 ஜி-யில் பார்வை சுருங்கியது தோல்வி இல்லை. முக்காமல், தசையை இறுக்காமல், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு அதுதான் சராசரி. உங்கள் தோழன் 7 ஜி வரை போனது பிறவியால் மட்டும் இல்லை. அவன் சரியாக முக்கியிருக்கிறான்.

கேள்வி: அப்படியானால் ஓடுவதை நிறுத்திவிடவா? எங்கள் பயிற்றுநர் ஒருவர் 'மாரத்தான்காரன் சீக்கிரம் சாய்வான்' என்கிறார், இன்னொருவர் 'ஓடு ஓடு' என்கிறார்.

பதில்: இருவரும் பாதி சரி. நெடுந்தூரம் ஓடி ஓடி ஓய்வு நாடி 45-க்கு வந்துவிட்ட இதயம் நிதானமான இதயம். ஜி திடீரென்று ஏறும்போது அது வேகம் எடுக்கக் கொஞ்சம் தாமதிக்கும் என்பதுதான் பழைய கவலை. ஓட்டம் நேரடியாகக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஓட்டம் மட்டும் போதாது என்பதில் சண்டையே இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் சுவீடனிலும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்கள், ஏறி இறங்கும் ஜி-யைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். அமெரிக்க ஆய்வில் ஓட்டக் குழுவும் இருந்தது, அவர்களுக்கு அந்த லாபம் வரவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். எடை தூக்கினால் உங்கள் உச்ச ஜி உயராது, அதாவது 4.5-ல் மங்கும் கண் சும்மா உட்கார்ந்திருந்தால் அப்போதும் 4.5-ல்தான் மங்கும். கூடுவது நேரம். முக்கிக்கொண்டு எத்தனை விநாடி நிற்க முடிகிறது, இரண்டாவது மூன்றாவது திருப்பத்திலும் தொடை அதே இறுக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் அது தெரியும். வானச் சண்டையில் ஒரே ஒரு திருப்பத்தோடு யாரும் விட மாட்டார்களே.

ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் எடை: ஸ்குவாட், டெட்லிஃப்ட், லெக் பிரஸ், வயிறு, முதுகு. கழுத்தை மறக்க வேண்டாம். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 அல்லது 7 கிலோ, 9 ஜி-யில் அது 60 கிலோ, அதைத் தாங்கிக்கொண்டு திரும்பிப் பின்னால் வேறு பார்க்க வேண்டும். ஓட்டம் இரண்டு மூன்று நாள், மிதமாக. திருப்பத்துக்கும் திருப்பத்துக்கும் நடுவில் மூச்சு மீள்வதற்கு அது வேண்டும். சென்ட்ரிஃபியூஜுக்கு முந்தின நாள் கால்களைப் போட்டு வாட்டாதீர்கள். தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல், தூங்காமல் வந்து ஏறுகிறவர்கள் ஜிம்மில் சம்பாதித்ததை ஒரே காலையில் தொலைக்கிறார்கள், நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தின் அளவே குறைகிறது, அப்புறம் எதை மேலே ஏற்றுவது? நீண்ட விடுப்பில் பறக்காமல் இருந்து திரும்பினாலும் தாங்கும் திறன் இறங்கியிருக்கும். முதல் நாளே பழைய உயரத்தைத் தொட முயல வேண்டாம்.

கேள்வி: முக்குவது முக்குவது என்கிறார்களே, அதை எப்படித்தான் முறையாகச் செய்வது? எங்களுக்கு வகுப்பில் படம் காட்டினார்கள், புரியவில்லை.

பதில்: படத்தில் புரியாது, காதால்தான் புரியும். நான் சில ஆண்டுகள் சென்ட்ரிஃபியூஜ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். திரையைப் பார்க்காமல் ஒலிபெருக்கியை மட்டும் கேட்டாலே யார் தாண்டுவார், யார் தாண்ட மாட்டார் என்று தெரிந்துவிடும்.

ஜி ஏறுவதற்கு முன்பே தொடை, பிட்டம், கெண்டைக்கால், வயிறு நான்கையும் இறுக்குங்கள். ஏறிய பிறகு இறுக்கினால் ரத்தம் ஏற்கெனவே கீழே போய்விட்டிருக்கும், அதைத் திரும்ப மேலே ஏற்றுவது பெரும்பாடு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, 'ஹுக்' என்று சொல்லத் தொடங்கி அந்த 'க்' என்ற மெய்யெழுத்தில் நின்றுவிடுங்கள். ககரம் பிறக்கும்போது அடிநாக்கு அண்ணத்தின் அடியைத் தொட்டு அடைக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அந்த இலக்கணம் வாழ்க்கையில் உதவும் ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அடைத்த மூச்சின்மீது முக்குங்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், அது இதயத்தின் அழுத்தத்தோடு சேர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். மூன்று விநாடிக்கு ஒரு முறை சட்டென்று கொஞ்சம் விட்டு, சட்டென்று இழுத்து, மறுபடி அடைப்பு. ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். முழுக் காற்றையும் வெளியே விட்டால் நெஞ்சு காலி, தலையும் காலி. மூச்சு மாற்றும்போது கால் தளரவே கூடாது, பெரும்பாலோர் கோட்டை விடுவது அங்கேதான், மூச்சோடு சேர்ந்து தொடையும் 'அப்பாடா' என்கிறது. மூன்று விநாடிக்கு மேல் அடைத்து வைத்திருப்பதும் தப்பு, நெஞ்சு அழுத்தம் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தையே தடுத்துவிடும்.

நன்றாகச் செய்தால் இது மட்டுமே 3 ஜி அளவுக்குக் கூட்டிக் கொடுக்கும். ஜி-சூட், அதாவது காற்று ஊதிக் காலையும் வயிற்றையும் அமுக்கும் உடை, தருவது 1 முதல் 1.5 ஜி. சூட்டை நம்பி முக்காமல் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

கண்ணை முன்னால் உள்ள விளக்குகளில் வையுங்கள். நடு விளக்கு தெரிந்து ஓர விளக்குகள் மங்கினால் இன்னும் அழுத்தி முக்கு என்று அர்த்தம். பல்லைக் கடித்து, முகத்தைச் சுளித்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுபடுகிறவர்கள் உண்டு. முகத்தில் ரத்தம் தேங்கி என்ன லாபம்? வேலை கீழே.

கேள்வி: பயிற்சி முடிந்து வந்த என் மகனின் முன்கையிலும் இடுப்புக்குக் கீழேயும் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். அம்மைபோல இருக்கிறது. அவன் சிரிக்கிறான், எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, பயப்பட வேண்டாம். கனத்த ரத்தம் தொங்கும் பகுதிகளில் போய் நிற்கும்போது மிக நுண்ணிய குழாய்கள் கசிந்து விழும் புள்ளிகள் அவை. விமானிகளே அதை 'ஜி அம்மை' என்றுதான் கேலியாகச் சொல்வார்கள். வலிக்காது, சில நாட்களில் மறைந்துவிடும். ஜி ஏறாத நாட்களிலும் புள்ளி வந்தாலோ ஈறில் ரத்தம் கசிந்தாலோ அது வேறு, உடனே காட்டுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு ஜி தாங்கும் திறன் குறைவு என்று ஒரு சீனியர் சொன்னார். உண்மையா?

பதில்: இல்லை. சென்ட்ரிஃபியூஜில் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டு 1980-களிலேயே பார்த்துவிட்டார்கள், குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. சராசரியில் உயரம் குறைவு என்பது பெண்களுக்குச் சாதகம்கூட. ஒரே நிபந்தனை, ஜி-சூட் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், இடுப்பில் தொளதொளவென்று இருக்கும் சூட் ஊதுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த சீனியரிடம் அவருடைய சென்ட்ரிஃபியூஜ் வீடியோவைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரோலர் கோஸ்டரிலும் 4 ஜி வருகிறதாமே, நாங்கள் யாரும் மயங்கவில்லையே?

பதில்: அது ஒன்றிரண்டு விநாடியில் வந்து போய்விடுகிறது. ரத்தம் நின்றாலும் மூளையில் தங்கியிருக்கும் ஆக்சிஜனை வைத்து 4 முதல் 6 விநாடி ஓட்டலாம். போர் விமானத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகும் ஜி போய்க்கொண்டே இருக்கும். உடம்பு தானாகச் சுதாரித்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி நாடியை ஏற்ற 6 முதல் 10 விநாடி பிடிக்கும். கையிருப்பு முதலில் தீருகிறது, உதவி அப்புறம்தான் வருகிறது. அந்த இடைவெளியைத்தான் முக்கி நிரப்புகிறோம்.

கேள்வி: ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து. அது தலையைத் தூக்கும்போது ஏன் மயங்குவதில்லை? (பள்ளி மாணவி)

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி. அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் கால் வீங்க வேண்டுமே என்றால், கால் தோல் இறுக்கமான காலுறைபோல இருக்கிறது, பிறக்கும்போதே ஜி-சூட் போட்டுக்கொண்டு வருகிறது என்று சொல்லலாம். 2021-ல் விஞ்ஞானிகள் ஒட்டகச்சிவிங்கியின் எஃப்ஜிஎஃப்ஆர்எல்1 என்ற மரபணு வகையைச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொடுத்தபோது அந்த எலிகளுக்கு மற்ற எலிகளைப்போல அழுத்தம் ஏறவில்லை. மரபணு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இது, தலைமுறை தலைமுறையாக கோடிக்கணக்கான மாலைகளில் குனிந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்ததற்குக் கிடைத்த கூலி. நமக்கு அந்தக் கால அவகாசம் இல்லை, விமானம் வந்தே நூறு வருடம் சொச்சம்தான்.

எலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் ஜி-சூட்டுகளில் ஒன்றைச் செய்த கனடாக்காரர் வில்பர் ஃபிராங்க்ஸ், எலிகளைத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் போட்டுச் சுழற்றித்தான் தொடங்கினார். எலி பிழைத்தது. 1942-ல் விமானிகள் தண்ணீர் நிரப்பிய உடையோடு பறந்தார்கள். கனம் தாங்காமல் பின்னால் அதைக் காற்றுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: சென்ட்ரிஃபியூஜில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் நான் நினைவிழந்தேன் என்று எழுதிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: செய்வதற்கு முன் வீடியோவைப் பாருங்கள்.

ஜி-யில் நினைவிழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இழந்ததே நினைவிருக்காது. நான் பார்த்த ஒருவர் 7 ஜி-யில் தலை தொங்கி, கைகள் இரண்டும் கோழி சிறகடிப்பதுபோல உதறி, பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்துக் கண்ணைத் திறந்து 'எப்போது தொடங்கப் போகிறீர்கள்?' என்று கேட்டார். பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இன்னும் தொடங்கவே இல்லை. வீடியோ போட்டுக் காட்டியதும் முகம் விழுந்துவிட்டது. சிலருக்கு அந்தச் சில விநாடிக்குள் ஒரு முழுக் கனவே வரும்.

நினைவு இல்லாமல் கிடப்பது சுமார் 12 விநாடி. விழித்த பிறகு எங்கே இருக்கிறோம், கையில் இருப்பது என்ன என்று குழம்பி நிற்பது இன்னும் அதே அளவு. இரண்டும் சேர்த்து 25 விநாடி என்று வையுங்கள். விநாடிக்கு 250 மீட்டரில் போகும் விமானம் அதற்குள் 6 கிலோமீட்டர் தாண்டிவிடும், மூக்கு கீழே பார்த்திருந்தால் தரை அதற்கு முன்பே வந்துவிடும். 2016-ல் வெளியான ஒரு காணொலியில், எஃப்-16 ஓட்டிய பயிற்சி விமானி ஒருவர் 8 ஜி-க்கு மேல் நினைவிழக்கிறார், விமானம் தலைகுப்புறப் பாய்கிறது, இன்னொரு விமானத்திலிருந்து பயிற்றுநர் 'ரெகவர், ரெகவர்' என்று கத்துகிறார், கேட்க ஆள் இல்லை. தரையில் மோதாமல் தடுக்கும் தானியங்கி முறை விமானத்தை நிமிர்த்தியதால் பிழைத்தார். எல்லா விமானத்திலும் அது கிடையாது.

ஜி மெதுவாக ஏறினால் கண் எச்சரிக்கும். நொடியில் 6 ஜி ஏறினால் கண்ணும் மூளையும் ஒன்றாகவே அணையும், எச்சரிக்கை வராது. 'பார்வை மங்கவே இல்லையே' என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால் இருக்கலாம். ஆகவே எழுதியவர்கள்மேல் கோபப்படாதீர்கள், பெரும்பாலும் மறுபடி ஏற வாய்ப்பு தருவார்கள். அதற்கு முன் அந்த வீடியோவை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள், உங்கள் மூச்சுகளுக்கு நடுவே எத்தனை விநாடி போகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். மூன்று, மூன்று, மூன்று, அப்புறம் ஆறோ ஏழோ வரும்.